பள்ளி மணியும் ஆபீஸ் மணியும்

வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெற்றோர், வேலை மாற நினைக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பி.காம். படித்தவள். பனியன் கம்பெனி ஒன்றில் ஆறு ஆண்டுகள் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். 2020 கடைசியில் வேலையை விட்டேன். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது. மூன்று மாதமாக வேலைவாய்ப்புத் தளங்களில் நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஒரு போன்கூட வரவில்லை. இடைவெளிதான் காரணமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருப்பூர்

இடைவெளியும் ஒரு காரணம்தான். ஆனால் நாற்பது இடத்திலும் அது மட்டுமே காரணமாக இருக்காது. உங்கள் ஊரில் அக்கவுண்டன்ட் வேலைகளில் பல, இணையத்துக்கே வருவதில்லை. ஆள் நின்றுவிட்டால் முதலாளி தன் ஆடிட்டரைக் கூப்பிட்டு, "நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க சார்" என்பார், அதோடு முடிந்துவிடும். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களைப் பட்டியல் எடுத்து, அச்சடித்த விண்ணப்பத்துடன் நேரில் போங்கள். மாதம் 11, 20 தேதிகளை ஒட்டிப் போக வேண்டாம், அவை ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான கடைசி நாட்கள். யாரும் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 22-ஆம் தேதிக்குமேல் போனால் பேச நேரம் கிடைக்கும். பழைய கம்பெனியில் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் தகவல் சொல்லி வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் முழுவதையும் தாளில் எழுதிப் பாருங்கள். பெரியவளின் வேன் எத்தனை மணிக்கு, சின்னவனை எங்கே விடுவது, மாலையில் யார் கூட்டி வருவது, பள்ளி முடிந்து நீங்கள் வீடு திரும்பும்வரை உள்ள நேரம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். மகள் அரசு தொடக்கப் பள்ளியில் படித்தால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பாடு உண்டு. காலை அவசரத்தில் அது பெரிய மிச்சம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் இருப்பார்கள் என்பதற்கு இரண்டு பெயர்கள் எழுதுங்கள். ஒரு பெயர் போதாது. புது வேலையில் சேர்ந்தவர்கள் தடுமாறுவது வேலையில் அல்ல, இந்தக் காய்ச்சல் நாட்களில்தான்.

அடுத்தது பணக் கணக்கு. உதாரணத்துக்கு இரண்டு வேலைகள். முதலாவது வீட்டுக்கு அருகில், சம்பளம் 18,000. பி.எஃப். 15,000-க்குக் கணக்கிட்டால் 1,800 போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது 135. குழந்தை காப்பகத்துக்கு 4,000. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் நிற்பது 12,065.

இரண்டாவது 14 கிலோமீட்டர் தள்ளி, சம்பளம் 22,000. பி.எஃப். போக 20,200. மாலை தாமதமாக எடுப்பதால் காப்பகம் 6,000 கேட்கும். பஸ் வசதி இல்லாமல் ஸ்கூட்டரில் 25 நாட்கள் போய்வர 700 கிலோமீட்டர். பெட்ரோல் 1,600 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 12,600. தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வெளியே இருப்பதற்கு மாதம் 535 ரூபாய்தான் அதிகம். 21,000 ரூபாயைத் தாண்டிய சம்பளத்தோடு சேர்வதால் இ.எஸ்.ஐ. கிடையாது, குடும்பத்துக்கான மருத்துவ வசதியும் இல்லை. உங்கள் ஊர்க் கட்டணங்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். பெரிய சம்பளம் எப்போதும் பெரிய சம்பளம் அல்ல.

இனி வேலை அறிவு. நீங்கள் விட்டபோது டேலி ஈ.ஆர்.பி. 9 என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்திருப்பீர்கள். 2020 நவம்பரில் அதன் அடுத்த பதிப்பான டேலிபிரைம் வந்தது. உள்ளே கணக்கு அதேதான், மெனு வேறு. ஜி.எஸ்.டி.யில் மாறியது அதிகம். 2022 ஜனவரி முதல், சப்ளையர் தாக்கல் செய்த பில் நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் மாதப் பட்டியல்) வந்தால்தான் உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியும். அதனால் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையரைத் துரத்துவது மாதாமாதம் நடக்கும் வேலையாகிவிட்டது. 2023 ஆகஸ்டிலிருந்து ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற தொழில்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்) எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறி, பெரும்பாலான பொருட்கள் 5, 18 சதவீதங்களுக்குள் வந்துவிட்டன. டேலிபிரைமின் கல்விப் பதிப்பு இலவசம். சில தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும், பழக அது போதும். எக்ஸெலில் இரண்டு பட்டியல்களைப் பொருத்திப் பார்க்கும் வி-லுக்அப் போட்டு 2பி ஒப்பீடு செய்யப் பழகுங்கள். நேர்காணலில் பத்து நிமிடம் உட்கார வைத்துச் சோதிக்கும் இடங்களில் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். தந்தை பெயர், மதம், திருமண நிலை, பிள்ளைகள் எண்ணிக்கை எதுவும் தேவையில்லை. இடைவெளியை மறைக்க வேண்டாம். ஆண்டுகளை அழுத்திச் சரிசெய்யவும் வேண்டாம், பி.எஃப். பதிவிலேயே தெரிந்துவிடும். ஒரே வரி போதும்: "2020 டிசம்பர் முதல்: குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி. தற்போது டேலிபிரைம், 2பி ஒப்பீடு, இ-இன்வாய்ஸ் பயிற்சி முடித்து முழு நேர வேலைக்குத் தயார்." மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் வரக் கூடாது. முந்தைய வேலையைப் பற்றி எண்ணிக்கையோடு எழுதுங்கள்: மாதம் எத்தனை பில், எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள், எந்தெந்த ரிட்டர்ன் தாக்கல் செய்தீர்கள்.

போன் வராததற்கு வேறு சிறிய காரணங்களும் உண்டு. விண்ணப்பத்தில் கணவரின் எண்ணைப் போட்டிருக்கிறீர்களா? அவர் வேலையில் இருக்கும்போது அழைப்பு வந்து போயிருக்கும். உங்கள் எண்ணையே போடுங்கள். தெரியாத எண்களைத் தடுக்கும் செயலி இருந்தால் அதை அணைத்து வையுங்கள். தளங்களில் ஆள் தேடுபவர்கள் அண்மையில் புதுப்பித்த விவரங்களை முதலில் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய் ஒரு வரியாவது திருத்திச் சேமியுங்கள்.

கடைசியாக, நேரம் பற்றிப் பேரம் பேச உங்கள் துறையே உங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அக்கவுண்ட்ஸில் அழுத்தம் மாதம் முழுவதும் இருப்பதில்லை: 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்தம் செய்த வரி), 11 ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி (மாத வரிக் கணக்கு). வேலை உறுதியான பிறகு இப்படிச் சொல்லுங்கள்: "இந்த நான்கு நாட்களும் வேலை முடியும்வரை இருப்பேன், வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டேன். மற்ற நாட்களில் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்." சலுகை கேட்பவர் பேச்சாக இது இருக்காது, வேலை தெரிந்தவர் பேச்சாக இருக்கும். ஆடிட்டர் ஆபீஸிலேயே சேர்வதானால் ஜூலையும் செப்டம்பரும் கடினமான மாதங்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, மாதம் 25,000 என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பதிவுக் கட்டணம் 1,500 கேட்கிறார்கள். கைக்குழந்தை இருப்பதால் வெளியே போக முடியாது. நம்பலாமா?
– வாசகி, கடலூர்

வேண்டாம். வேலை தருபவர் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடிதான். 'டாஸ்க்' முடித்தால் காசு என்று முதலில் 200 ரூபாய் போட்டுவிட்டு, பிறகு பெரிய தொகை கட்டச் சொல்வதும் இதே கூட்டம்தான். உங்கள் வங்கிக் கணக்கை 'கம்பெனிப் பணம்' வந்துபோகக் கொடுத்தால் கணக்கு முடக்கப்படும், போலீஸ் விசாரணையும் வரும். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். உண்மையான வேலை தேட, மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளமும், தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளமும் இலவசம்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் எட்டு ஆண்டுகள். மூன்று ஷிப்ட். மனைவி நர்ஸ், அவருக்கும் நைட் டூட்டி உண்டு. நாலு வயது மகனை இரவில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவிக்கிறோம். ஜெனரல் ஷிப்ட் வேலை தேடுகிறேன். குழந்தைக்காக ஓர் ஆண் இதைக் கேட்டால் ஏளனமாகப் பார்ப்பார்களா?
– வாசகர், வாலாஜாபாத்

சிலர் பார்ப்பார்கள். அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள். உங்கள் மகனுக்கு நீங்களும் சரிபாதிப் பொறுப்பு.

முதலில் இருக்கும் கம்பெனியிலேயே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு சூப்பர்வைசரோடு நின்றுவிடும். மனைவியின் டூட்டி பட்டியலை இணைத்து, "அவருக்கு நைட் உள்ள வாரங்களில் மட்டும் எனக்கு பகல் ஷிப்ட்" என்று குறுகிய கோரிக்கையாக வையுங்கள். மூன்று மாதம் முயன்று பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். நிரந்தரமாகக் கேட்பதைவிட இது எளிதில் கிடைக்கும்.

வெளியே தேடினால், குவாலிட்டியிலேயே லைன் ஆய்வுதான் ஷிப்டில் ஓடும். வந்து சேரும் பொருட்களைச் சோதிக்கும் இன்கமிங் ஆய்வு, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிப்ரேஷன், வாடிக்கையாளர் புகார் ஆவணங்கள், சிஸ்டம் ஆடிட் ஆகியவை பெரும்பாலும் ஜெனரல் ஷிப்ட். லைனிலிருந்து அந்தப் பக்கம் நகர, வாகனத் துறைத் தர நிர்ணயமான ஐ.ஏ.டி.எஃப். 16949-க்கான உள்தணிக்கையாளர் பயிற்சிச் சான்று உதவும். சப்ளையர் குவாலிட்டியும் பகல் வேலைதான். ஆனால் வெளியூர்ப் பயணம் மாதம் எத்தனை நாள் என்று கேட்காமல் சேராதீர்கள்.

இழப்பையும் கணக்கில் எடுங்கள். ஷிப்ட் அலவன்ஸும் ஓ.டி.யும் நின்றுவிடும், கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளை வைத்து அவை மாதம் எவ்வளவு என்று பாருங்கள், புது இடத்தில் அதைச் சேர்த்துக் கேளுங்கள். ஜெனரல் ஷிப்டுக்கு வாலாஜாபாத் வழியாக கம்பெனி பஸ் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் ஷிப்டுக்கு ஓடும் ரூட் ஜெனரலுக்கு ஓடாது. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு; விலகும்போது அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நேர்காணலுக்குப் போனால், "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கும் யோசிக்கிறோம். அதைச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, மதுரை

இரண்டாவது குழந்தை பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி வேலைக்குத் திரும்புங்கள்: "ஏற்பாடு இருக்கிறது, அவசரத்துக்கு இன்னொருவரும் இருக்கிறார். இந்த வேலையில் நேரம் எப்படி என்று சொல்கிறீர்களா?" மாமியார், பக்கத்து வீடு, காப்பகத்தின் பெயர் என்று விவரிக்கத் தொடங்கினால் பேச்சு முழுவதும் குழந்தையைச் சுற்றியே போய்விடும். நேரம், விடுமுறை, வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை ஆகியவற்றை வேலை தருவதாகச் சொன்ன பிறகு பேசுங்கள். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன மேலாளர் மாறிப் போனால் அந்த வாக்கும் போய்விடும்.

தெரிந்துவைக்க வேண்டிய கணக்கு இது: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாட்கள் வேலை பார்த்திருந்தால், இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ. மூலம் வரும்; அங்கே முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் சந்தா வேண்டும். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். இதை நேர்காணலில் சட்டமாகச் சொல்லாமல், "காப்பகம் எங்கே இருக்கிறது?" என்று எச்.ஆரிடம் சாதாரணமாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே நிறைய தெரிந்துவிடும்.

தனியார் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, மகளும் அங்கேயே படிக்கலாம். ஆனால் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள்.
– வாசகி, நாமக்கல்

கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், கையொப்பமிட்ட நகல்களைக் கொடுக்கலாம். ஒரிஜினல் அவர்களிடம் போய்விட்டால், நாளை வேறு வேலைக்குப் போவதும் அரசுத் தேர்வுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போவதும் அவர்கள் தயவில் இருக்கும். "டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) சரிபார்ப்புக்கு எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும்" என்பது சொல்லக்கூடிய நேர்மையான காரணம். பாதியில் நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை என்றால், கல்வியாண்டு முடியும்வரை இருப்பேன் என்றும், விலக ஒரு மாத அறிவிப்பு தருவேன் என்றும் எழுதிக் கொடுக்க முன்வாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் எந்தெந்தச் சான்றிதழ், என்ன வரிசை எண் என்று குறித்துப் பள்ளி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

மகளின் கட்டணச் சலுகை எவ்வளவு என்பதும், நீங்கள் விலகினால் அந்த ஆண்டின் மீதிக் கட்டணம் என்னவாகும் என்பதும் பணி ஆணையிலேயே இருக்கட்டும். பழைய வேலையின் பி.எஃப். கணக்கு இருந்தால் அதன் யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை தேவை. எண் ஒன்றாக இருந்து பழைய பணம் எடுக்கப்படாமலும் இருந்தால், இடைவெளிக்கு முந்தைய ஆண்டுகளும் அதில் சேரும்.