வீசுகோல் ஏன் சீப்புப் பல்லாகத் தெரிகிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தாத்தா வில்லுப்பாட்டுப் புலவர். 2011-ல் ஊர்க் கோயில் கொடை விழாவில் அவர் பாடியதை மாமா ஹேண்டிகேமில் எடுத்து வைத்திருந்தார். தாத்தா இப்போது இல்லை. மெமரி கார்டில் எம்.டி.எஸ். என்று முடியும் ஐந்து கோப்புகள் இருக்கின்றன. எடிட்டிங் சாப்ட்வேரில் போட்டால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, சத்தமே இல்லை. ஆன்லைனில் எம்.பி.4 ஆக மாற்றினேன். சத்தம் வந்தது, ஆனால் தாத்தா முகம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிட்டது, வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறது. என்ன செய்ய? 2003-ல் எடுத்த இரண்டு மினி டி.வி. (MiniDV) கேசட்டும் வீட்டில் கிடக்கிறது.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, அந்தக் கார்டைத் திரும்பக் கேமராவில் போடாதீர்கள். எஸ்.டி. கார்டாக இருந்தால் ஓரத்தில் சின்ன லாக் இருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். அப்புறம் உள்ளே இருக்கும் ஃபோல்டர் மொத்தத்தையும் அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எம்.டி.எஸ். மட்டும் போதும் என்று உருவி எடுக்க வேண்டாம். எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி என்ற குறிப்பு பக்கத்து ஃபோல்டர்களில்தான் இருக்கிறது.

ஐந்து கோப்பு என்றால் ஐந்து தடவை எடுத்தது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துக் கார்டுகளில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதனால் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அடுத்த துண்டைத் தொடங்கிவிடும். பாளையங்கோட்டையில் நான் எடுத்த ஒரு கல்யாணத்தில் துண்டுகளைத் தனித்தனியாக எடிட்டிங்கில் வரிசையாக வைத்தேன். தாலி கட்டும் நேரம் சரியாக அந்த ஒட்டு. கெட்டிமேளம் ஒரு நொடி அறுந்து போயிற்று. கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் மறுபடி சேர்க்க முடிந்தது. ஆகவே முதலில் துண்டுகளை ஒன்றாக்குங்கள். ஷட்டர் என்கோடர் என்ற இலவச சாப்ட்வேரில் மெர்ஜ் என்று இருக்கிறது. படத்தைத் தொடாமல் அப்படியே ஒட்டும்.

படம் திக்குவதற்குக் காரணம் சொல்கிறேன். வீடியோ என்பது வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்கள் (ஃப்ரேம்). உங்கள் கேமரா அந்த எல்லாப் படத்தையும் முழுசாக எழுதுவதில்லை. ஒன்றை முழுசாக எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் மாறிய இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பின்பாட்டுக்காரர் சொல்லும் ‘ஆமா’வை மட்டும் கேட்டால் கதை விளங்குமா? புலவர் என்ன சொன்னார் என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் கம்ப்யூட்டர் அப்படிப் பின்னால் ஓடிப் போய் வருகிறது. ப்ரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர். என்ற இரண்டு வீடியோ வடிவங்களும் எல்லாப் படத்தையும் முழுசாக வைத்திருப்பவை. எடிட்டிங்குக்கு இவற்றில் ஒன்றாக மாற்றுங்கள். சத்தம் டால்பி ஏ.சி.3 வடிவில் இருப்பதால்தான் உங்கள் சாப்ட்வேருக்குக் கேட்கவில்லை. மாற்றும்போது சத்தத்துக்கு பி.சி.எம். (சத்தத்தை நசுக்காமல் வைக்கும் வடிவம்) என்று கொடுத்தால் சரியாகிவிடும்; குடத்தின் வாயில் அடிக்கும் அந்தக் கனத்த ‘தொம்’மும் மேற்கொண்டு நசுங்காது.

சீப்புப் பல்லுக்கு வருகிறேன், இதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கேமராக்கள் பெரும்பாலும் நொடிக்கு 50 அரைப் படம் எடுக்கும். ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் அடுத்த தடவை. அசையாத முகத்தில் இரண்டும் பொருந்திவிடும். வீசுகோல் அந்த இடைவெளிக்குள் ஒரு சாண் நகர்ந்துவிடும், அதனால் பல் பல்லாகத் தெரிகிறது. டீஇன்டர்லேஸ் செய்தால், அதாவது அரைப் படங்களைப் பிரித்து முழுப் படங்களாக்கினால், போய்விடும். ஆனால் நொடிக்கு 25 என்று வைத்தால் பாதி அசைவு தொலைந்துவிடும். 50 என்று வையுங்கள். கோல் மேலே போவது, நாணில் படுவது, மணிகள் குலுங்குவது எல்லாம் அப்போதுதான் முழுசாக வரும். வில்லுப்பாட்டில் அந்தக் கை வீச்சுதானே உயிர்!

இப்படி மாற்றினால் இடம் நிறையப் பிடிக்கும். ப்ரோரெஸ் 422-ல் முழு எச்.டி., 50 படம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 110 ஜி.பி. எடிட்டிங் முடிந்ததும் இதை அழித்துவிடலாம். மூலத்தை மட்டும் அழிக்கவே கூடாது. மெழுகு முகம் ஆன்லைனில் கசக்கியதால் வந்தது. கொடைப் பந்தலில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். அதை அவர்கள் தேய்த்து எடுக்கும்போது முகச் சுருக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த நகலை எடிட்டிங்குக்கு எடுக்காதீர்கள்.

கேசட் வேறு கதை. அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல்தான், ஒவ்வொரு படமும் முழுசாக இருக்கிறது. கேமராவில் டி.வி. (DV) அல்லது ஐ.லிங்க் (i.LINK) என்று எழுதிய துளையிலிருந்து ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் எடுத்தால் எந்த நஷ்டமும் இல்லாமல் வரும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமும் சுமார் 13 ஜி.பி.யும் ஆகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடைக்குக் கொடுக்காதீர்கள். புது லேப்டாப்பில் ஃபயர்வயர் இருக்காது. டெஸ்க்டாப்பில் அதற்கான கார்டு போட்டு வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்து, நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே வேண்டாம். சுத்தமாக இருந்தால் ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு, அப்புறம் எடுங்கள்.