யூபிளாக் ஆரிஜின் குரோமில் திடீரென்று நின்றுவிட்டது. வேறு எந்த விளம்பரத் தடுப்பான் போடலாம்?

உங்கள் நீட்டிப்பில் (எக்ஸ்டென்ஷன்) கோளாறு எதுவும் இல்லை. குரோம்தான் விதியை மாற்றிவிட்டது. முன்பு ஒரு பக்கம் திறக்கும்போது வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் யூபிளாக் ஆரிஜினே பார்த்து, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும். மேனிஃபெஸ்ட் வி3 என்று நீட்டிப்புகளுக்குக் குரோம் கொண்டுவந்த புதிய முறையில் விதிப்பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், தடுப்பது உலாவியின் வேலை. 2024-ல் ஆரம்பித்து 2025-க்குள் பழைய வகை நீட்டிப்புகளை அணைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். விளம்பரத்தில் சம்பாதிக்கிற கூகுள் சொல்கிறது, கேட்டுக்கொள்வோம்.

நான் நெட் சென்டர் நடத்துகிறேன். கடையில் எல்லாக் கணினியிலும் ஃபயர்பாக்ஸ்தான், அதில் யூபிளாக் ஆரிஜின் இன்றும் முழுசாக ஓடுகிறது. "விளம்பரம்தானே தளங்களுக்குச் சோறு, தடுக்கலாமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஹால் டிக்கெட் எடுக்க வரும் பிள்ளைக்கு முன்னால் நாலு பச்சை டவுன்லோடு பொத்தான் காட்டி, நாலும் போலி என்றால், அந்தச் சோற்றைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இன்னொன்று. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரையின் ஓரத்தில் ஓயாமல் 'வைரஸ்' எச்சரிக்கை. ஒரு சர்வீஸ் கடையில் ஃபார்மட் அடிக்க வேண்டும், ஆயிரத்து ஐநூறு ஆகும் என்றார்களாம். வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் 'ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறது, வீட்டில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள், அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய் அந்தத் தளத்தை நீக்கினேன், நின்றுவிட்டது. உங்களுக்கு வரும் தொல்லையும் இதுவாக இருந்தால் எந்தத் தடுப்பானும் உதவாது. முதலில் அதைப் பாருங்கள்.

குரோமை விட முடியாது என்றால் யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள். அதுவும் யூபிளாக் ஆரிஜினை எழுதிய அதே ரேமண்ட் ஹில் எழுதியதுதான், பலம் கொஞ்சம் குறைவு. பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். வெறும் 'யூபிளாக்' 2015-லேயே அவர் கையை விட்டுப் போய்விட்டது.