குட்டை மேனிஃபோல்டு போட்டால் மலையில் பிக்கப் கூடுமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் இருக்கிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 9 வருசமாக ஓட்டுகிறேன். வாரநாளில் திருப்பூருக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டம். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு வால்பாறை போவோம். மலையில் இப்போது ரொம்பவே திணறுகிறது. கோவையில் ஒரு பட்டறையில், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ரன்னர் குட்டையாக உள்ள ஒன்றைப் போட்டால் 12 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். 38,000 ரூபாய் பேசி, 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். செய்யலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. பட்டறைக்காரர் சொல்வது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. திறன் கூடத்தான் செய்யலாம். ஆனால் அது கூடுகிற இடத்தில் நீங்கள் வண்டி ஓட்டுவதே இல்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் கதவுதான் த்ராட்டில். அதைத் தாண்டி வரும் காற்று முதலில் ஒரு பொதுவான அறையில் சேருகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பிரிந்து போகும் குழாய்தான் ரன்னர். அறையும் ரன்னர்களும் சேர்ந்ததுதான் இன்டேக் மேனிஃபோல்டு. வேகமாக வந்துகொண்டிருக்கும் காற்றின் முகத்தில் வால்வு மூடினால், காற்று முட்டி நெருங்குகிறது. அந்த நெருக்கம் ஓர் அலையாகக் குழாயில் பின்னோக்கி ஓடி, அறையின் வாயைத் தொட்டுத் திரும்புகிறது. இப்படிப் போவதும் வருவதுமாக இருக்கும் அலையின் அழுத்தம், அடுத்த முறை வால்வு திறந்திருக்கும் நேரத்தில் சரியாக வந்து சேர்ந்தால், கூடக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். இழுவை கூடும்.

ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடியிருப்பீர்கள். கயிறு நீளமாக இருந்தால் தூரி மெதுவாகப் போய் மெதுவாக வரும். குட்டையாக இருந்தால் வெடுக்வெடுக்கென்று வரும். தள்ளுகிறவர் அதற்குத் தோதாகக் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடுவதும் நின்றுபோகும். இங்கே கயிறு ரன்னர், தள்ளுகிற கை வால்வு. இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் ஓடிவிடும். 6,000ல் அதற்குக் கிடைப்பது மூன்றரை மீட்டர்தான். ஆகவே மேல் வேகத்தில் அலை சீக்கிரம் திரும்ப வேண்டும், அதற்குக் குழாய் குட்டையாக இருக்க வேண்டும். கீழ் வேகத்தில் இழுவை வேண்டுமென்றால் நீளம் வேண்டும்.

ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஐந்து பேரும் சாமானுமாக, இரண்டாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது உங்கள் இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்மைச் சுற்றித்தான் இருக்கும். குட்டை ரன்னர் பறித்துக்கொள்வது அந்த இடத்து இழுவையைத்தான். 38,000 கொடுத்துவிட்டு இன்னும் திணறுவீர்கள்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ரேஸ் கார் சமாச்சாரம் வேறு. அது எப்போதும் மேல் வேகத்திலேயே கிடக்கிறது, குட்டைதான் அதற்குப் பொருத்தம். இரண்டும் வேண்டும் என்றால் நீளத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். 1991ல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி காரில், ஓடும்போதே நீளம் மாறுகிற குழாய்கள் இருந்தன. சில சாலைக் கார்களில் உள்ளே ஒரு தட்டு வைத்து, கீழ் வேகத்துக்கு நீண்ட பாதை, மேல் வேகத்துக்குக் குட்டைப் பாதை என்று பிரித்துவிடுகிறார்கள். கடையில் வாங்கிப் பொருத்தும் குட்டை மேனிஃபோல்டில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

இதற்குப் பிறகும் மனசு கேட்காவிட்டால், பட்டறையில் ஒன்று கேளுங்கள்: இதே மாடல் வண்டிக்கு, மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த டைனோ ஷீட் (ஒவ்வொரு வேகத்திலும் இன்ஜின் தரும் திறனை அளந்து கோடாக வரைந்த தாள்), 1,500 ஆர்.பி.எம்மிலிருந்து முழுக் கோடாக. உச்ச எண்ணை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். காற்றின் அளவு மாறினால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவையும் ட்யூன் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவு 38,000க்குள் அடங்குமா என்பதும் கேட்க வேண்டியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளைம் சமயத்தில் தகராறு வரலாம்.

முதலில் 9 வருச வண்டியின் பாடுகளைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் வழுக்கல், கம்ப்ரஷன், பிரேக் பிடித்தபடியே இருப்பது. என் பழைய காரும் இப்படித்தான் திணறியது. ஒரு பட்டறை இன்ஜினையே இறக்கச் சொன்னது. கடைசியில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஓர் ஓரம் சுருங்கி, காற்று கள்ளத்தனமாக நுழைந்துகொண்டிருந்தது. புகை விட்டுப் பார்த்ததில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அப்புறம், ஏற்றத்தில் ஏசியை அணைத்துப் பாருங்கள், சின்ன இன்ஜினுக்கு அதுவே பெரிய சுமை.

அட்வான்ஸ்? வேலை தொடங்கவில்லை என்றால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி ரத்து செய்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். போனில் மட்டும் சொன்னால் சாட்சி இருக்காது. தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருசத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: ஈரோட்டில் பழைய கார் வாங்கினேன். ரன்னர் நீளம் மாறும் மேனிஃபோல்டு அதில் இருக்கிறது. கீழ் வேகத்தில் இழுக்கவில்லை. மேனிஃபோல்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேனிஃபோல்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கம்பியைக் கவனியுங்கள். தட்டு வேலை செய்தால் குறிப்பிட்ட வேகத்தில் கம்பி சட்டென்று நகரும். நகராவிட்டால், அதற்குப் போகும் மெல்லிய வேக்யூம் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் மடக்கிப் பாருங்கள். குழாய்தான் காரணம் என்றால் செலவு சில நூறோடு போகும். கம்பி கையால் தள்ளினாலும் ஆடாமல் இறுகிக் கிடந்தால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு.

கேள்வி: நாமக்கல்லில் டர்போ டீசல் வண்டி வைத்திருக்கிறேன். எனக்கும் ரன்னர் மாற்றினால் லாபமா?

பதில்: இல்லை. உங்கள் வண்டியில் காற்றைத் தள்ளுவது டர்போ. அதற்கு முன்னால் இந்த அலையின் உதவி சொற்பம். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் இருக்கும் கிளாம்பை இறுக்கிப் பாருங்கள், பணம் மிச்சம்.