அமெரிக்கக் கல்லூரி விடுதியில் 21 வயதுக்கு முன் குடித்துப் பிடிபட்டால் என்ன ஆகும்?

கேள்வி: "மகன் இந்த ஆண்டு அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேர்கிறான். விடுதியில்தான் தங்கப்போகிறான். அங்கே 21 வயதுக்குள் குடித்துப் பிடிபட்டால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்களா?"

முதல் தடவை, ஒரு பீர் கேனோடு பிடிபட்டதற்காகப் பொதுவாக யாரும் கல்லூரியை விட்டு அனுப்பமாட்டார்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஆனால் "அப்படியானால் பரவாயில்லை" என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். பிடிபடுவதைவிட, பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து பிள்ளைகள் செய்யும் காரியங்கள்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

அங்கே முதுநிலை படித்த காலத்தில் நான் விடுதியில் ரெசிடென்ட் அசிஸ்டென்டாக, சுருக்கமாக ஆர்.ஏ.வாக, இருந்தேன். தங்குமிடமும் சாப்பாடும் கல்லூரி தரும். பதிலுக்கு ஒரு மாடியில் இருக்கும் மாணவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், முறை வரும் இரவுகளில் மாடி மாடியாகச் சுற்றி வர வேண்டும்.

நடைமுறை இப்படித்தான். அறையில் சத்தம் கேட்டால் ஆர்.ஏ. கதவைத் தட்டுவார். திறந்ததும் மது கண்ணில் பட்டால், எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பெயர் குறித்துக்கொள்வார். பாட்டிலை அவர்களையே தொட்டியில் கொட்டச் சொல்வார். அன்றிரவே அறிக்கை எழுதிவிடுவார். இதை மாணவர்கள் "ரைட்டப் ஆகிட்டேன்" என்பார்கள். சில நாளில் மாணவர் நடத்தை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும், ஒரு விசாரணைச் சந்திப்பு நடக்கும். முதல் தடவை என்றால் பெரும்பாலும் எச்சரிக்கை, மது பற்றிய ஆன்லைன் வகுப்பு, சில இடங்களில் கட்டணம் அல்லது சமூக சேவை. இரண்டாவது தடவை என்றால் ஒழுங்கு நடவடிக்கைக் கண்காணிப்பு. மூன்றாவதில் விடுதி அறை பறிபோகலாம், ஒரு செமஸ்டர் இடைநீக்கமும் வரலாம். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும்.

முக்கியமான ஒன்று: பல கல்லூரிகளில் குடிக்காமல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாலே விதிமீறல்தான். "நான் சும்மா பேசிட்டு இருந்தேன்" என்று சொல்லும் பையன்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பெயர் அறிக்கையில் போகும். உங்கள் மகன் குடிக்காதவனாக இருந்தாலும் இதைச் சொல்லி வையுங்கள். பாட்டில் வெளியே வந்தால் எழுந்து போய்விடுவதே அவனுக்குப் பாதுகாப்பு.

இதில் கல்லூரிகள் கண்டும் காணாமல் இருக்க முடியாததற்குக் காரணம் உண்டு. 1984இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21 வயது வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைப்போம் என்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. அடுத்து 1989இல் வந்த சட்டம் கல்லூரிகளைத் தொட்டது. மத்திய அரசின் நிதி வாங்க வேண்டுமென்றால், வளாகத்தில் சட்டவிரோத மதுவுக்கு எதிரான விதிகள் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆர்.ஏ. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையில் பெரிதாக ஒன்றுமில்லை.

கல்லூரி நடவடிக்கை வேறு, போலீஸ் வேறு. வளாகப் போலீஸ் வந்துவிட்டால் வழக்கு மாநிலச் சட்டத்தின் கீழ் போகும். டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 21 வயதுக்குக் கீழ் மது வைத்திருந்தால் 500 டாலர் வரை அபராதம், சமூக சேவை, விழிப்புணர்வு வகுப்பு, ஓட்டுநர் உரிமம் 30 நாள் முடக்கம். போலி அடையாள அட்டை காட்டியிருந்தால் அது தனிக் குற்றம், பல மாநிலங்களில் இதைவிடப் பெரிய குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கதையே வேறு. பெரியவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. 21க்குக் கீழே உள்ளவர்களுக்கு 0.02 தொட்டாலே குற்றம். பலருக்கு ஒரு பீரே அதற்குப் போதும்.

நீங்கள் இந்தியாவிலிருந்து எஃப்-1 எனும் மாணவர் விசாவில் அனுப்புவதாக இருந்தால் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். 2015 முதல், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். அதனால் மட்டும் உடனே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று எப்போதும் இல்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், திரும்பிப் போகப் புது விசா வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்வி இருக்கிறது. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் கேள்விகள் வரும். அங்கே போலீஸ் வழக்கு மட்டுமில்லை, இளநிலைக் கல்லூரி எடுத்த ஒழுங்கு நடவடிக்கையையும் கேட்பார்கள். சட்டக் கல்லூரியும் கேட்கும். ஒரு தடவை நடந்ததற்காகப் பெரும்பாலும் யாரும் கதவை அடைப்பதில்லை. மறைத்தது தெரிந்தால்தான் பெரிய சிக்கல்.

சரி, இதெல்லாம் காகிதத்தில் நடப்பவை. இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

விடுதியில் குடிப்பது மற்ற இடங்களில் குடிப்பது மாதிரி இல்லை. ஒளித்துக் குடிப்பதால் வேகமாகக் குடிக்கிறார்கள். வெளியே விருந்தில் கிடைக்காது, ஆர்.ஏ. சுற்றிவர இன்னும் நேரமிருக்கிறது என்று, கதவை மூடிக்கொண்டு அரை மணி நேரத்தில் உள்ளே தள்ளுகிறார்கள். இதற்கு 'ப்ரீகேம்' என்று பெயர். பீர் வாசமும் கேன் குவியலும் காட்டிக்கொடுக்கும் என்று வோட்காவை ஜூஸில் கலக்கிறார்கள். அளவு யாருக்கும் தெரியாது. அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்றால் 14 கிராம் ஆல்கஹால், அதாவது சுமார் 355 மில்லி பீர் அல்லது சுமார் 45 மில்லி வோட்கா. பெரிய பிளாஸ்டிக் கோப்பையில் கண்ணளவாக ஊற்றும்போது ஒரே கோப்பையில் நாலு டிரிங்க் போய்விடும். ஆண்களுக்கு இரண்டு மணி நேரத்தில் ஐந்து, பெண்களுக்கு நாலு என்றாலே அதை மிதமிஞ்சிய குடி என்று வரையறுத்திருக்கிறார்கள். வீட்டில் வாசனைகூட அறியாமல் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு கோப்பையே எமன். முதலாண்டின் முதல் ஆறு வாரம்தான் இதில் அபாயமான காலம் என்கிறார்கள், என் அனுபவமும் அதுவே. நண்பர்கள் இன்னும் அமையாத, யாரிடமும் மறுக்கத் தெரியாத வாரங்கள் அவை.

குடித்த ஒருவன் மயங்கிச் சரிந்ததும் நண்பர்கள் சொல்வது: "தூங்கட்டும், காலைல தெளிஞ்சிடும்." தெளியாது. வயிற்றில் இருக்கும் மது அவன் தூங்கும்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மூச்சு விடவும், தொண்டையில் எதுவும் அடைக்காமல் காக்கவும் மூளை இடும் கட்டளை மெல்ல மங்கும். மல்லாந்து கிடக்கும்போது வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். காப்பியோ குளிர்ந்த தண்ணீரோ இதை மாற்றாது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், அந்த வேகம் மணிக்குச் சுமார் 0.015 சதவீதம்.

1997 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், 18 வயது முதலாண்டு மாணவர் ஒருவர் பிரட்டர்னிட்டி வீட்டில் (மாணவர் சங்கத்தினர் சேர்ந்து தங்கும் வீடு) குடித்து மயங்கினார். தூக்கிக்கொண்டு போய் அறையில் படுக்க வைத்தார்கள், வாந்தி வந்தால் எடுக்கட்டும் என்று பக்கத்தில் குப்பைக்கூடையும் வைத்தார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.41 சதவீதம் இருந்தது. சில நாளில் இறந்துபோனார். 2000இல் எம்.ஐ.டி. அந்தக் குடும்பத்துடன் 60 லட்சம் டாலரில் சமரசம் செய்துகொண்டது. 2002 முதல் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும் என்றும் விதி வந்தது. எனக்கு இதில் மனசை அறுப்பது அந்தக் குப்பைக்கூடைதான். அவர்கள் அக்கறையில்லாதவர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்த உதவியைச் செய்தார்கள், போன் மட்டும் உடனே பண்ணவில்லை.

ஏன் உடனே பண்ணுவதில்லை? ரைட்டப், போலீஸ், ஆம்புலன்ஸ் பில். நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று, எல்லாவற்றையும்விடப் பெரியது: "வீட்டுக்குத் தெரிஞ்சா?" தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி படுக்கையில் கிடக்கும்போதும் அவர்களின் முதல் கேள்வி, "அப்பாவுக்குச் சொல்லிட்டீங்களா அண்ணா?"

இந்தப் பயம் தெரிந்துதான் பல கல்லூரிகளும் பெரும்பாலான மாநிலங்களும் 'மெடிக்கல் ஆம்னெஸ்டி' எனும் தண்டனை விலக்கைக் கொண்டுவந்தன. கார்னெல் பல்கலைக்கழகம் 2002லேயே தொடங்கியது. டெக்சாஸ் 2011இல் சட்டமாக்கியது. உதவி கேட்டு அழைத்து, அங்கேயே இருந்து ஒத்துழைத்தால், மது வைத்திருந்ததற்காகத் தண்டனை இல்லை என்பதே சாரம். சில இடங்களில் அழைத்தவருக்கு மட்டும், சில இடங்களில் மயங்கியவருக்கும் சேர்த்து. அடிதடி, வண்டி ஓட்டியது இவற்றுக்குப் பொருந்தாது. மகன் சேரும் கல்லூரியின் பெயரோடு இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடி, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடி இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு, மயக்கத்திலேயே வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.

அப்புறம், வெளியில் யாரும் பேசாத ஒரு விஷயம். அதிகம் குடித்தவர் நடப்பார், பேசுவார், சிரிப்பார், ஆனால் மூளையில் எதுவும் பதியாது. அந்த நிலையில் இருப்பவர் உடலுறவுக்குச் சம்மதம் தர முடியாது என்பதே கல்லூரி விதி, பல இடங்களில் சட்டமும் அதுவே. பெண் பிள்ளைகளிடம் மட்டும் பத்திரமாக இரு என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள், இதை ஆண் பிள்ளைகளிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

கல்லூரி உங்களுக்குத் தெரிவிக்குமா என்றால், பதினெட்டு வயதானால் மதிப்பெண்கூடப் பொதுவாக அவன் அனுமதியில்லாமல் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் 21க்குள் மது விதியை மீறினால் பெற்றோருக்குச் சொல்லலாம் என்று 1998இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால் அவனே உங்களிடம் சொல்லும்படி வைத்துக்கொள்வதுதான் நல்லது. "குடிச்சா வீட்டுப் பக்கமே வராதே" என்று சொல்லி அனுப்பினால் குடிப்பது நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. போன் வராது என்பது உறுதி. "குடிக்கிறது எனக்குப் பிடிக்காது. ஆனா ராத்திரி எந்த நேரத்துல சிக்கல்ல இருந்தாலும் முதல்ல 911, அடுத்து எனக்கு. அன்னைக்கு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி அனுப்பும் மின்னஞ்சலைத் திறக்காமல் வைக்காதீர்கள். சந்திப்புக்குப் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே முடிவெடுத்துவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அறைத்தோழன் மேல் பழியைத் தள்ள வேண்டாம். போலீஸ் கொடுத்த சீட்டு கையில் இருந்தால், ஆன்லைனில் அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். பல இடங்களில் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். விசாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள்.