காவிரி டெல்டாவிலேயே இருந்துகொண்டு பி.ஏ.வில் சமூக அறிவியல் படிக்கலாமா?

மன்னார்குடிப் பக்கம் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் +2 முடித்திருக்கிறீர்கள். பொருளியலோ வரலாறோ எடுக்க ஆசை. வீட்டில் "பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற, நர்சிங்ல சேரு" என்கிறார்கள். வெளியூரில் ஹாஸ்டல் போட்டுப் படிக்கவும் வசதி இல்லை. உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

தாராளமாகப் படிக்கலாம். டெல்டாவில் இருக்கிறீர்கள் என்பதே இந்தப் படிப்புக்கு நல்ல காரணம். நான் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரன். இங்கேயே ஓர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல், அப்புறம் எம்.ஏ. இப்போது கிராமப்புற ஆய்வுகளுக்குத் தகவல் சேகரித்துத் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பாலக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எங்கே வாங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்படி எடுத்த ஊர்களில் ஒன்று பாலக்குறிச்சி. 1937இல் மறுபடி போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பல முறை ஆய்வாளர்கள் அங்கே போயிருக்கிறார்கள். ஒரே ஊரை நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்த இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அதைத் தொடங்கி வைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கும்.

பிறகு 1951இல் கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர் வந்தார். தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கிச் சாதியையும் நில உறவையும் படித்தார், 1976இல் திரும்பி வந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார். 1961இல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் வந்தார். அக்கிரகாரம், வேளாளர் தெரு, சேரி என்று ஒரே ஊருக்குள் நிலமும் அதிகாரமும் எப்படிக் கைமாறுகின்றன என்று எழுதினார். இந்தியச் சமூகவியல் படிக்கிற மாணவர், டெல்லியில் படித்தாலும் லண்டனில் படித்தாலும், நம் ஊர்த் தெருக்களைப் பற்றித்தான் படிக்கிறார். உங்களுக்கு அந்தத் தெரு வாசலிலேயே இருக்கிறது.

வகுப்பில் நடத்துவதும் அப்படித்தான். அரசியல் அறிவியலில் கூட்டாட்சி என்று ஒரு பாடம் வரும். மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்ச் சிக்கலுக்கு அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு, 1956ஆம் ஆண்டுச் சட்டம் என்று நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். நமக்கு அது நான்கு வரி இல்லை, காவிரி. சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1924 ஒப்பந்தம், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தர வேண்டிய தண்ணீரை 192 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) 177.25 ஆகக் குறைத்தது. இவ்வளவும் ஜூன் 12 மேட்டூர் திறக்குமா, குறுவை போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்வதா என்று உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சுதான். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷத்தைப் பார்த்தவருக்குக் கூட்டாட்சி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதை எழுதவும் வாதாடவும் கற்றுக்கொண்டால் போதும்.

நிலச் சட்டங்களும் இப்படியே. 1952இல், பண்ணையாரின் நிலத்தில் நிரந்தரமாக வேலை செய்தவர்களுக்காகத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1952 சட்டம் இருந்தும் 1968 ஏன் நடந்தது? இந்தக் கேள்வியை நேர்மையாகத் தொடர்ந்தால் வரலாறு, பொருளியல், சமூகவியல், சட்டம் நான்கையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு டிகிரி மூன்று வருஷம் நம்மை இப்படிப்பட்ட கேள்வியோடு உட்கார வைக்கிறது என்றால் அது வீண் படிப்பு இல்லை.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகள் பலவற்றில் இதே படிப்பை, செமஸ்டருக்கு முந்தின வாரம் கைடு வாங்கி, ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடலாம். பாதி வகுப்பு அப்படித்தான் முடிக்கும். அப்படி முடித்தால் வீட்டில் சொல்வது சரியாகிவிடும். மாற்று வழிக்குச் செலவில்லை, உழைப்பு மட்டும் வேண்டும்.

முதல் வருஷமே உங்கள் தெருவில் முப்பது நாற்பது வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். சொந்த நிலமா, கோயில் நிலக் குத்தகையா, குத்தகை என்றால் நெல்லா பணமா? நடவுக்குத் தனித்தனிக் கூலியா, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஏக்கர் கணக்கில் பேசிக்கொள்கிறார்களா? அறுவடை மெஷின் வந்தபின் யாருக்கு எத்தனை நாள் வேலை குறைந்தது? கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு எத்தனை நாள் காத்திருந்தார்கள்? வீட்டில் யார் திருப்பூரில், யார் சிங்கப்பூரில்? கடன் சுய உதவிக் குழுவிலா, வாரத் தவணைக்காரரிடமா? புத்தகத்தில் வரும் "மறைமுக வேலையின்மை", அதாவது தேவைக்கு மேல் ஆட்கள் ஒரே வேலையில் இருப்பது, எது என்று அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க மாட்டீர்கள்.

நான் இதைச் செய்தபோது எதிர்வீட்டு அத்தை, "ஏன் தம்பி, நாங்க நாத்து நடுறதயெல்லாமா பரீட்சைல கேக்குறாங்க?" என்று கேட்டார். அப்போது கேட்கவில்லை. அந்த நோட்டுதான் எம்.ஏ. நேர்காணலில் எனக்காகப் பேசியது. ஒரே ஒரு விஷயம்: பெயர் எழுதாதீர்கள், ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லாதீர்கள். ஊருக்குள் அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பாது.

இதோடு இரண்டு பழக்கம் வேண்டும். புள்ளியியல் பேப்பரைப் பார்த்துப் பயந்து ஒதுங்கக் கூடாது, சேகரித்ததை எக்செல்லில் போட்டு அட்டவணையாக்கத் தெரிந்தால் மற்றவர்களை விட முன்னால் நிற்பீர்கள். ஆங்கிலத்தில் தினம் இரண்டு பக்கமாவது படியுங்கள். நம் ஊரைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன என்பது வருத்தமான உண்மை.

வேலை பற்றி. பள்ளி ஆசிரியர் ஆவதுதான் குறி என்றால் பி.ஏ. வரலாறும் பி.எட்.டும் நேர்வழி. பொருளியல் படித்தவர்களுக்கு எம்.ஏ., பி.எட். முடித்து மேல்நிலை வகுப்பு ஆசிரியர் ஆகும் வழி இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் எந்த டிகிரியும் போதும், ஆனால் பாடத்திட்டத்தில் வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் நிறைய வருவதால் நீங்கள் தனியாக ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டியிருக்காது. நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்றால், டிகிரியும் தமிழ்வழியில் முடித்தால் அரசு நேரடி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. தொண்டு நிறுவனங்கள், கள ஆய்வு வேலை என்றால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) அல்லது எம்.ஏ. வரை போகத் தயாராக இருங்கள். பி.ஏ.வோடு நின்றால் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

கல்லூரிக்கு வெளியூர் போக வேண்டாம். மன்னார்குடியிலேயே ராஜகோபாலசுவாமி அரசுக் கலைக் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க. அரசுக் கலைக் கல்லூரி, தஞ்சாவூரில் பெண்களுக்கென்றே குந்தவை நாச்சியார் கல்லூரி, 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரி. பொருளியலும் வரலாறும் இந்தப் பக்கம் எளிதில் கிடைக்கும். சமூகவியலுக்கு இடம் குறைவு, ஆனால் அது எம்.ஏ.வில் மாறிக்கொள்ளக் கூடியதுதான். நீலக்குடியில் 2009இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இந்த வருஷம் எழுதவில்லை என்றால் முதுகலைக்கு முயலுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். அரசுக் கல்லூரியில் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது பெரிய துணை. வீட்டில் பேசும்போது இந்தக் கணக்கை முதலில் வையுங்கள்.

விண்ணப்பிக்கும்போது அந்தத் துறை தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பாடம் இரண்டு வழியிலும் இருக்கும் கல்லூரிகள் உண்டு. சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்வது கஷ்டம், தமிழ்வழிச் சான்றிதழ் கேட்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.