அண்ணாச்சி, அந்த டைகர் டாங்கி நிஜமா?

பாளையங்கோட்டை நண்பர்கள் கூடி 'ஃப்யூரி' படம் பார்த்தோம். இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதத்தில் ஜெர்மனிக்குள் நுழையும் ஓர் அமெரிக்க டாங்கியும் அதன் ஐந்து ஆட்களும்தான் கதை. படம் முடிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். நான் நம் படையின் டி-72 டாங்கியில் கன்னராக, அதாவது பீரங்கியைக் குறி பார்த்துச் சுடுபவனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் களக்காடு. அதனால் பதில் சொல்லும் வேலை என் தலையில்.

மேலப்பாளையம் தம்பி: அண்ணாச்சி, அந்த டைகர் டாங்கி நிஜமா, கம்ப்யூட்டரில் செய்ததா?

நிஜம்தான். டைகர் ஜெர்மன் படையின் கனரக டாங்கி. படத்தில் வருவது இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்து வண்டி, எண் 131. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கியது. மற்ற படங்களில் டைகர் என்று வருவது பெரும்பாலும் வேஷம். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் வருவது ரஷ்ய டி-34 டாங்கி மேல் தகடு அடித்துச் செய்தது. சக்கரத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டைகரில் சக்கரங்கள் ஒன்றோடொன்று பின்னி இருக்கும். டி-34இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள் தனித்தனியாக நிற்கும். 1965இல் வந்த 'பேட்டில் ஆஃப் தி பல்ஜ்' படத்திலோ அமெரிக்க பேட்டன் டாங்கியே ஜெர்மன் டாங்கியாக ஓடும். எனக்கு இதெல்லாம் பெரிய குற்றமில்லை. வண்டி கிடைக்காவிட்டால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே இருக்கும் ஆட்கள் செய்யக்கூடாததைச் செய்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

பேட்டை தம்பி: அப்படி 'ஃப்யூரி'யில் என்ன செய்துவிட்டார்கள்?

இரண்டு இடம். மறைவில் நின்று ஒரு ஷெர்மனை, அதாவது அமெரிக்க டாங்கியை, அடித்துவிட்ட டைகர், எதற்காக வெளியே உருண்டு வர வேண்டும்? நல்ல மறைவு, நீளமான பீரங்கிக் குழல், தடித்த முன்தகடு எல்லாம் அதன் பக்கம். நின்ற இடத்திலேயே நின்று மற்றவற்றையும் அடித்திருக்கலாம். எங்களைப் பயிற்சியில் முதலில் திட்டுவதே தேவையில்லாமல் மறைவை விட்டு வருவதற்குத்தான். ஷெர்மன் அதன் முதுகுக்குப் போயே தீர வேண்டும் என்பதும் சினிமா. அந்த வண்டியில் இருப்பது 76 மில்லிமீட்டர் குழல், அவ்வளவு கிட்டத்தில் முன்பக்கமே துளைத்திருக்கும்.

அடுத்தது கிளைமாக்ஸ். செயின், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை, அறுந்து நிற்கும் ஒற்றை டாங்கியைச் சுற்றி முந்நூறு ஜெர்மானியர்கள். கையில் பான்சர்ஃபாஸ்ட் வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் கையில் தாங்கிச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதம் அது, பக்கவாட்டில் சரியாக ஒன்று பட்டாலே ஷெர்மன் கதை முடிந்தது. அதை வெகுநேரம் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரும்பின் மேல் துப்பாக்கியால் சுட்டுச் சாகிறார்கள். ஹீரோ தாக்குப்பிடிக்க எதிரி முட்டாளாக வேண்டியிருக்கிறது.

டவுன் தம்பி: குண்டு பச்சையும் சிவப்புமாக ஒளி விட்டுப் போனதே?

அது உண்மை, டிரேசர். எங்கே போய் விழுகிறது என்று சுட்டவனுக்குத் தெரிய, குண்டின் பின்புறம் எரியும். நிறம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர்: ஹீரோ முகம் தெரியத்தானே கமாண்டர் எப்போதும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறார்?

இல்லை சார், நிஜத்திலும் அப்படித்தான். மூடியை அடைத்துவிட்டால் பெரிஸ்கோப் காட்டும் துண்டுதான் உலகம். பக்கத்தில் ஆள் படுத்திருந்தாலும் தெரியாது. அதனால்தான் பல நாட்டுப் படைகளிலும் கமாண்டர்கள் தலையை வெளியே வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள், அதனாலேயே நிறையச் செத்தார்கள். கன்னர் நிலைமை இன்னும் மோசம். சண்டை முழுக்க நான் பார்ப்பது ஒரு வட்டம், நடுவில் குறிக்கோடு. எதிரி எங்கே என்று இன்டர்காமில் கமாண்டர் சொல்லித்தான் தெரியும். எஞ்சின் இரைச்சலில் இன்டர்காம் இல்லாமல் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. சில படங்களில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பக் கதை பேசுவார்கள்!

முக்கூடல் டீச்சர்: ஷெர்மன் பெட்ரோல் வண்டி, அதனால்தான் தீப்பிடித்தது என்கிறார்களே?

பெரும்பாலும் எரிந்தது உள்ளே அடுக்கிய குண்டுகளின் வெடிமருந்து, டீச்சர். 1944இல் குண்டுகளை வண்டியின் தரைக்கு இறக்கி, சுற்றிலும் தண்ணீர் நிரம்பிய அறைகள் வைத்தார்கள். எரிவது நன்றாகக் குறைந்தது.

வள்ளியூர் அண்ணன்: நம்ம 'பார்டர்' படம் எப்படி?

பாட்டுக்குப் பத்து மார்க் போடலாம். ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு நம் படையின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய 120 பேர், பாகிஸ்தான் டாங்கிப் படைக்கு எதிரே விடியும் வரை நின்றது உண்மை. அந்தத் தைரியத்துக்கு மிகைப்படுத்தலே தேவையில்லை. ஆனால் டாங்கிகளில் பெரும்பகுதியை அழித்தது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்த நம் ஹண்டர் போர் விமானங்கள். அவற்றுக்கு இரவில் தாக்கும் வசதி கிடையாது, அதனால்தான் அந்தக் காத்திருப்பு. படத்தில் நம் ஆட்கள் வரிசையாகச் சாகிறார்கள், உண்மையில் இறந்தவர்கள் இருவர். படத்தில் வீரமரணம் அடையும், லோங்கேவாலாவில் நிஜமாகவே சண்டை போட்ட பைரோன் சிங் ரத்தோர் 2022 வரை உயிரோடு இருந்தார். தன் சாவைத் தானே திரையில் பார்த்த மனிதர்!

வீரவநல்லூர் தம்பி: படத்தில் தப்பு கண்டுபிடிக்க சுலபமான வழி?

ஆளை எண்ணு தம்பி. ஷெர்மனில் ஐந்து பேர், நம் படை ஓட்டிய செஞ்சூரியன், விஜயந்தா, அர்ஜுன் டாங்கிகள் மூன்றிலும் நான்கு. டி-72இல் மூன்று பேர்தான், குண்டை எந்திரமே ஏற்றிவிடும். அதில் நாலாவதாக ஒருவர் உட்கார்ந்து கையால் குண்டு தள்ளினால் சிரித்துக்கொள். 1971 போர் பற்றிய 'பிப்பா' படத்தில் வரும் பி.டி.-76 இலகு டாங்கியிலும் மூன்று பேர். அதில் கமாண்டரே கன்னர். 1971 நவம்பர் 21 காலை கரீப்பூர் பனிமூட்டத்தில், எதிரியைத் தேடுவதும் குறி பார்ப்பதும் ஒரே ஆளின் வேலை. அந்தத் திணறலை வைத்தே ஒரு முழுப்படம் எடுக்கலாம்.

களக்காட்டு மருமகன்: மாமா, எந்தப் படத்திலுமே காட்டாதது எது?

வேலை. சுட்டு முடித்த சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து நீளக் கம்பைக் குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். செயின் தளர்ந்ததா என்று பார்த்து இறுக்க வேண்டும். டீசல், கிரீஸ், குண்டு எல்லாம் ஏற்ற வேண்டும். ராஜஸ்தான் வெயிலில் தகட்டில் கை வைக்க முடியாது, உள்ளே ஏசியும் கிடையாது. மருமகனே, போர் படிக்கப் போய் மெக்கானிக் ஆகித்தான் திரும்பினேன். 'ஃப்யூரி'க்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அழுக்கும், வண்டியில் தொங்கும் மூட்டை முடிச்சும் அச்சு அசல்.

திசையன்விளையில் குறும்படம் எடுக்கும் தம்பி: நம்ம தேரிக்காட்டில் லோங்கேவாலா எடுக்கலாமா?

வேண்டாம். தேரி மணல் செக்கச்சிவப்பு, தார் பாலைவன மணல் வெளிறியது. பனையை மறைத்தாலும் நிறம் காட்டிக்கொடுக்கும். அதைவிட 1965 அசல் உத்தர் சண்டையை எடு. பஞ்சாபில் கரும்புத் தோட்டத்துக்குள் நம் டாங்கிகள் மறைந்து நிற்க, தண்ணீர் பாய்ச்சிய வயலில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சிக்கிக்கொண்டன. நம் படை வீரர் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளை அடித்தது அங்கேதான். கரும்புக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் போ, சேற்றுக்கு அம்பாசமுத்திரம் வயல் இருக்கிறது. டாங்கிதான் கிடைக்காது. ஜீப்பை மட்டும் காட்டி, டாங்கியைச் சத்தத்தில் வை. கரும்புக்குள் இருந்தவர்களுக்கும் முதலில் கேட்டது சத்தம்தான்.