தர்மத்துக்குக் கொடுத்த கோப்பையா?

கேள்வி: 1930-இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸில் நடந்த 500 மைல் பந்தயத்தில் குட்டி ஆஸ்டின் செவன், பென்ட்லியைத் தோற்கடித்ததாக எழுதியிருந்தீர்கள். சின்ன கார்களை முதலில் கிளப்பிவிட்டு, பெரிய கார்களைக் காக்கவைத்து அப்புறம் விட்டால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்? இது பந்தயமா, தர்மமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 'யார்தான்' என்கிறீர்கள். அன்று 750 சிசி வகுப்பில் ஓடியது அந்த ஒரு கார் மட்டும் இல்லை. மற்றவற்றுக்கும் அதே நேரச் சலுகைதான். அவை ஏன் கோப்பையைத் தூக்கவில்லை?

இப்படி நேரச் சலுகை கொடுத்து நடத்துவதுதான் ஹேண்டிகேப் பந்தயம். அதில், இந்த அளவு எஞ்சினால் இவ்வளவுதான் முடியும் என்று ஒருவர் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சலுகையை முடிவு செய்வார். எல்லாக் கார்களும் அந்தக் கணக்குப்படியே ஓடினால், கடைசியில் எல்லாம் ஒன்றாகத்தான் வந்து சேரும். ஜெயிக்க வேண்டுமானால் கணக்கைப் பொய்யாக்க வேண்டும்.

அந்த ஆஸ்டினின் எஞ்சின் 747 சிசி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்துப் பலம் கூட்டும் சூப்பர்சார்ஜர் உண்டு, சரி. ஆனால் எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க முனைக்கு ஒன்றாக இரண்டே மெயின் பேரிங். நடுவில் பிடிமானம் கிடையாது. வேகம் ஏற ஏற ஷாஃப்ட் வளைந்து கொடுக்கும். அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு, தூக்கித் தூக்கிப் போடும் கான்கிரீட் டிராக்கில், சாமி டேவிஸும் மார்ச் பிரபுவும் மாறி மாறி ஓட்டினார்கள். ஏறத்தாழ 6 மணி நேரம். சராசரி மணிக்கு 83.41 மைல், அதாவது 134 கிலோமீட்டர். இதையா தர்மம் என்கிறீர்கள்?

இரண்டாவதாக வந்த பென்ட்லியின் சராசரி 110 மைலுக்கு மேல். வேகத்தில் அதுதான் பெரியது, யார் மறுத்தது? அதை ஓட்டிய இருவரில் ஒருவர் டாக்டர் பெஞ்சஃபீல்ட். 1927-இல் இதே டேவிஸுடன் சேர்ந்து, இடிபட்டு நெளிந்த பென்ட்லியில் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். டேவிஸுக்குப் பென்ட்லியின் பலம் நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். (டேவிஸ் ஒரு மோட்டார் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர். எனக்குக் கொஞ்சம் பாசம் இருக்கத்தான் செய்யும்.)

நீங்கள் வேறு குறை சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஹேண்டிகேப்பில் யார் முன்னால் இருக்கிறார் என்று பார்க்க வந்தவருக்குப் புரியாது. பென்சிலும் பேப்பரும் வேண்டும். சிறு பந்தயங்களில் நிஜ வேகத்தை ஒளித்துவைத்து அடுத்த முறைக்குச் சலுகை தேற்றப் பார்த்தவர்களும் உண்டு. சலுகைக் கணக்கைப் போட்டவரான எபிள்வைட் என்ற இசைக்கருவி வியாபாரி ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஏமாற்றுவது சுலபமில்லை.

இன்னொன்று. இதே 500 மைல் பந்தயத்தை 1929-இல் வென்றது பென்ட்லி. 1931-இலும் பென்ட்லி. 1932-இல் மறுபடி ஒரு 750 சிசி எம்.ஜி., அதுவும் சராசரி 96 மைலில். தர்மம் என்றால் வருஷா வருஷம் சின்ன காருக்கே போயிருக்க வேண்டாமா?